அறுபதைத் தாண்டினால் பின்னாலிருந்து 'ஊங்' சத்தம்: கிரவுனா, பேரிங்கா, டயரா?

ராமமூர்த்திநகர்_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2013 மாடல், டீசல், ஏழு சீட், ஐந்து கியர் மேனுவல். பின்சக்கரம் இழுக்கிற வண்டி. பின்னால் முழு ஆக்ஸில் ஹவுசிங் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கிற இரும்புக் கூடு), காயில் ஸ்பிரிங். டயர் 205/65 ஆர்15. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, மீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று போய்விடும், என் சத்தம் அப்படியே நிற்கும்.

ஐம்பது வரைக்கும் ஒன்றும் இல்லை. அறுபதைத் தொட்டதும் பின்னாலிருந்து மெல்ல ஒரு 'ஊங்...' ஆரம்பிக்கிறது. எழுபதில் உச்சம். தொண்ணூறுக்குப் போனால் குறைந்த மாதிரி இருக்கிறது, அல்லது காற்றுச் சத்தத்தில் அமுங்கிவிடுகிறதோ என்னவோ. டிரைவர் சீட்டில் சமாளித்துவிடலாம். தர்மபுரிக்கு ஊருக்குப் போகும்போது அம்மா கடைசி வரிசையில் உட்காருவார். காதில் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது என்கிறார். கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்குள் தலைவலி வந்துவிடுகிறது அவருக்கு.

மூன்று இடத்தில் காட்டினேன். முதல் இடத்தில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுன் போச்சு சார், கிரவுன் பினியன் செட்டாக மாற்றணும்" என்று நாற்பத்திரண்டாயிரம் சொன்னார்கள். (ஹவுசிங்குக்குள் சக்கரங்களைச் சுற்றுகிற பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைத் தள்ளுகிற சின்னது பினியன்.) இரண்டாவது இடத்தில் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின் வீல் பேரிங் இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார்கள். மூன்றாவது ஆள் டயரைத் தடவிப் பார்த்து, நாலையும் மாற்றுங்கள் என்றார். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஒரே வவுச்சருக்கு மூன்று பேர் மூன்று தொகை சொன்னால் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் நானே ஏதாவது கண்டுபிடிக்க வழி உண்டா? வீட்டில் ஜாக்கி, ஸ்பானர் செட், டார்ச் இருக்கின்றன. ஆர்வம் நிறைய இருக்கிறது, அனுபவம் கம்மி.

சில்க்போர்டு_சிக்னல்:

பெங்களூரில் அறுபதைத் தாண்டுகிற ரோடு எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், நாங்களும் வருகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வண்டியில் இதே 'ஊங்' வந்தது, டயர்தான் காரணம். அலைன்மென்ட் போய், பட்டன் (டயரில் ரோட்டைத் தொடுகிற ரப்பர்க் கட்டைகள்) ஒரு பக்கம் மட்டும் ரம்பம் மாதிரி தேய்ந்திருந்தது. முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டதும் சத்தம் முன்னால் வந்துவிட்டது. ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தால் இது ஓசி டெஸ்ட். முதலில் இதைச் செய்யுங்கள்.

அல்சூர்_ஆக்ஸில்:

தம்பி, யார் என்ன சொன்னாலும் இப்போதைக்கு ஹவுசிங்கைத் திறக்க விடாதீர்கள். "கிரவுன் போச்சு" என்பது இந்த ஊரில் ரொம்பச் சுலபமாகச் சொல்லப்படுகிற தீர்ப்பு. நான் மர்பி டவுனில் பட்டறை வைத்திருந்தவன், இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான். கிரவுன் போய்விட்டது என்று வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கிரவுன் கல்லுமாதிரி இருக்கும். டயர், பேரிங், சில நேரம் ஆயிலே இல்லாத ஹவுசிங், இப்படி.

'ஊங்' என்று கேட்டதை வைத்து எவனாலும் சொல்ல முடியாது. எதைச் செய்தால் அந்தச் சத்தம் மாறுகிறது என்பதை வைத்துத்தான் பிடிக்க முடியும். நீங்கள் எழுதியதில் வேகம் மட்டும்தான் இருக்கிறது. டயரும் வேகத்தோடு சுற்றுகிறது, பேரிங்கும் சுற்றுகிறது, கிரவுனும் சுற்றுகிறது. அதனால் வேகத்தை வைத்து ஒன்றும் பிரியாது. ஆக்சிலரேட்டர், வளைவு, ரோடு, இந்த மூன்றையும் மாற்றிப் பாருங்கள்.

ரோட்டை முதலில் முடித்துவிடலாம், சின்ன விஷயம். நம் ஊரில் இப்போது பாதி மெயின் ரோடு வைட் டாப்பிங், அதாவது சிமென்ட். அதன் மேல் குறுக்குக் கோடு இழுத்திருப்பார்கள், நல்ல டயரே அதில் பாடும். அங்கே கேட்டதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தார் ரோட்டிலிருந்து சிமென்ட்டுக்கும், சிமென்ட்டிலிருந்து தாருக்கும் போகிற இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கவனியுங்கள். சத்தத்தின் குணமே மாறினால் டயர். ரோடு மாறியும் அதே சுருதியில் நின்றால் டயர் இல்லை, அல்லது டயர் மட்டும் இல்லை. உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்து ஒரு தடவை முன்னோக்கி, ஒரு தடவை பின்னோக்கித் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் கையை அறுக்கிறது என்றால் மேலே தம்பி சொன்ன ரம்பப் பல் அதுதான். கம்பி வெளியே வந்த டயராக இருந்தால் கை கிழியும், பார்த்துத் தடவுங்கள்.

அடுத்து வளைவு. நைஸ் ரோட்டில் (ஊரைச் சுற்றிப் போகிற டோல் ரோடு) இறங்குகிற, ஏறுகிற நீள வளைவுகள் இதற்கென்றே கட்டிய மாதிரி இருக்கும். ஐம்பது அறுபதில் சீராக வளைக்கும்போது வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் விழும். வலது பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகம், இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலது. பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் இந்த மாதிரி ஆக்ஸிலில் பேரிங் ஷாஃப்டோடு சேர்த்து அழுத்தப்பட்டிருக்கும், சில நேரம் பாரம் விழும்போது சத்தம் அடங்கவும் செய்யும். கூடுகிறதா குறைகிறதா என்பதை விட, வளைவில் ஏதாவது மாறுகிறதா என்பதைப் பாருங்கள். பேரிங் சத்தத்துக்கு ஆக்சிலரேட்டர் பற்றிக் கவலையே கிடையாது. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமும்.

இப்போது முக்கியமானது. கிரவுன் பல்லுக்கு இரண்டு முகம் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் ஒரு முகத்தைத் தள்ளுகிறது. காலை எடுத்தால் சக்கரம் எஞ்சினை இழுக்கிறது, அப்போது பல்லின் மறு முகம் வேலை செய்கிறது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது: வண்டியைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை, வேகம் குறையாமல் இருக்க எவ்வளவு மிதிக்க வேண்டுமோ அவ்வளவுதான். அந்த மிதப்பில் பல் எந்தப் பக்கமும் அழுந்தாது. இந்த மூன்று நிலையிலும் அதே எழுபதில் காது கொடுங்கள். மிதிக்கும்போது மட்டும் அழுகிறதா, விடும்போது மட்டுமா, மிதப்பில் மட்டுமா? இதில் ஏதாவது ஒன்றில் பளிச்சென்று மாறினால் அது டயரும் இல்லை, வீல் பேரிங்கும் இல்லை. ஹவுசிங்குக்குள்ளே இருக்கிற விஷயம்.

விடும்போது மட்டும் கேட்பதை ஊருக்குள் நிதானமாகக் கேட்க முடியாது, இரண்டு நொடியில் முன்னால் ஒரு ஆட்டோ வந்துவிடும். நீங்கள் தர்மபுரிக்காரர். அங்கிருந்து சேலம் பக்கம் போகும் வேலை இருந்தால் தொப்பூர் இறக்கம் நீளமானது. கியரிலேயே, காலை எடுத்துவிட்டு, அளவான வேகத்தில் இறங்கினால் நன்றாகக் கேட்கும். அந்த இறக்கத்தில் நியூட்ரல் போடச் சொல்லி யாராவது எழுதினால் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்ட லாரிகள் அங்கே எப்படி நின்றன என்று அந்தப் பக்கத்துக்காரர் உங்களுக்குத் தெரியாததா?

கியர்பாக்ஸையும் ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம். அதே வேகத்தை மூன்றிலும் நாலிலும் ஐந்திலும் ஓட்டிப் பாருங்கள். பின்சக்கரம் இழுக்கிற ஐந்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் நாலாவது கியர் நேரடி. உள்ளே பல்லு வழியாகச் சக்தி போகாது, ஷாஃப்ட் வழியாக நேரே போய்விடும். நாலில் அடங்கி, மூன்றிலும் ஐந்திலும் கேட்டால் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால் கியர்பாக்ஸுக்குக் கும்பிடு போட்டு விட்டுவிடலாம்.

கடைசியாக ஒரு கேள்வி. ஹவுசிங்கின் மூக்கு இருக்கிறது அல்லவா, கியர்பாக்ஸிலிருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்கிற இடம். அங்கே ஆயில் கசியாமல் தடுக்கிற பினியன் ஆயில் சீலை யாராவது மாற்றியிருக்கிறார்களா? வாங்கும்போது பழைய பில் ஏதாவது கொடுத்தார்களா? தேடிப் பாருங்கள். ஏன் கேட்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜாலஹள்ளி_டெசிபெல்:

அண்ணா சொன்னதோடு ஒரு சின்னச் சேர்ப்பு. என் வேலையே அதிர்வு அளப்பதுதான், அதனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

போனில் ஸ்பெக்ட்ரம் (எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்கிற படம்) காட்டுகிற இலவச ஆப் ஏதாவது ஒன்றைப் போடுங்கள். போனைக் கடைசி வரிசைத் தரையில் ஒரு துணி மேல் வையுங்கள். ஓட்டுவது ஒருவர், பார்ப்பது இன்னொருவர், இதில் சமரசம் வேண்டாம். வேகத்தை ஜி.பி.எஸ்.ஸில் எடுங்கள், ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

உங்கள் டயர் அளவுக்கு ஒரு சுற்று சுமார் 2.03 மீட்டர். 70 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 19.4 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 9.6 சுற்று. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் வண்டிக்கு உண்மையான எண்ணிக்கையை மானுவலில் பாருங்கள்). பல்லும் பல்லும் உரசுகிற சத்தம் 9.6-ஐ 41-ஆல் பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 390 ஹெர்ட்ஸ். 60-இல் அது 336 ஆக இறங்கணும், 80-இல் 448 ஆக ஏறணும். ஆப்பில் ஒரு ஒல்லியான கோடு இந்த எண்களைப் பிடித்துக்கொண்டே ஏறி இறங்கினால் அது கிரவுன், பினியன் பல்லில் பிறக்கிற சத்தம். டயர் இப்படி ஒல்லியாக வராது, பரவலாக ஒரு மேடு மாதிரி தெரியும். பட்டன்களின் நீளத்தை வேண்டுமென்றே ஒன்றுபோல இல்லாமல் வைத்திருப்பார்கள், ஒரே சுருதியில் பாடக்கூடாது என்பதற்காக. கெட்டுப்போன வீல் பேரிங் இதைவிட ரொம்பக் கீழே, உறுமலாக இருக்கும்.

எழுபதில் உச்சம், தொண்ணூறில் குறைவு என்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள். அந்தச் சுருதிக்குப் பின்பக்கத் தகடும் உள்ளிருக்கிற காற்றும் சேர்ந்து அதிர்கின்றன, அவ்வளவுதான். சத்தம் பிறக்கிற இடம் தொண்ணூறிலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். 390-இல் கோடு தெரிந்தால் பல் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. பல் நன்றாக இருந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனாலும் அதே கோடுதான் வரும்.

பெல்லந்தூர்_படகு:

ஆயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2022 செப்டம்பர் மழையில் எங்கள் ஏரியா முழுக்கத் தண்ணீர், வண்டி சக்கரம் மூழ்க நின்றது. எஞ்சின் ஆயில் எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள், ஹவுசிங்கை யாரும் தொடவில்லை. கொஞ்ச காலம் கழித்து 'ஊங்'. திறந்தால் ஆயில் காபி நிறத்தில் வந்தது. ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடுமாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி எந்த ஏரியில் குளித்தது என்று யாருக்குத் தெரியும்? பாருங்கள்.

அல்சூர்_ஆக்ஸில்:

நல்ல விஷயம் சொன்னீர்கள். ஆயில் பார்க்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: முதலில் ஆயில் ஊற்றுகிற மேல் பிளக்கைக் கழற்றுங்கள், அது கழன்ற பிறகுதான் ஆயிலை இறக்குகிற கீழ்ப் பிளக்கில் கை வைக்க வேண்டும். கீழே திறந்து ஆயிலை எல்லாம் ஊற்றிவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துச் சுற்ற மாட்டேன் என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கீழ்ப் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் மை போலச் சாம்பல் நிறத்தில் பூசியிருப்பது சகஜம். விரலில் தேய்த்தால் நெருடுகிற செதில், துண்டு இருந்தால் சகஜம் இல்லை.

கோரமங்களா_ஹாட்ச்பேக்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது முன்சக்கரம் இழுக்கிற சின்ன வண்டி. எனக்கும் பின்னாலிருந்து 'ஊங்'. கிரவுனே இல்லாத இடத்தில் எது ஊளையிடும்?

அல்சூர்_ஆக்ஸில்:

உங்களுக்கு டயர் இல்லாவிட்டால் பின் ஹப் பேரிங், வேறு என்ன இருக்கிறது அங்கே. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, ஒரு கையால் காயில் ஸ்பிரிங்கை லேசாகப் பிடித்தபடி மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும், காதுக்குக் கேட்காதது கூடத் தெரியும். இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டி பிளே (தளர்வான ஆட்டம்) இல்லை என்பதால் பேரிங் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள், இந்தக் காலத்து ஹப்பில் பிளே வருவதற்கு ரொம்ப முன்னாலேயே சத்தம் வந்துவிடும்.

ராமமூர்த்திநகர்_வாசி:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

டயர்: பின்னால் இரண்டிலும் உள் ஓரம் லேசாக ரம்பப் பல். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டேன். ஒரு 'சர்ர்' முன்னால் வந்தது, சிமென்ட் ரோட்டில் கூடுகிறது, தாரில் குறைகிறது. ஆனால் 'ஊங்' பின்னாலேயே இருக்கிறது. ஆக, மூன்றாவது கடைக்காரர் சொன்னதும் கால்வாசி உண்மை.

வளைவு: நைஸ் ரோட்டில் ஞாயிறு காலை. இரண்டு பக்கம் வளைத்தும் ஒரு மாற்றமும் இல்லை. கியர்: மூன்று, நாலு, ஐந்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரி.

ஆக்சிலரேட்டர்: இங்கேதான் விஷயம். எழுபதில் மிதித்தால் கிட்டத்தட்ட இல்லை. காலை எடுத்த அடுத்த கணம் 'ஊஊங்' என்று கிளம்புகிறது. மறுபடி லேசாகத் தொட்டால் அணைகிறது. இத்தனை நாள் இதைக் கவனிக்காததற்குக் காரணம், நெரிசலில் கால் ஒரு நிலையில் நிற்பதே இல்லை. மனைவி பின்னால் உட்கார்ந்து ஆப்பைப் பார்த்தாள். ஜி.பி.எஸ். 70-இல் ஒல்லிக் கோடு 390-ஐ ஒட்டி, 60-இல் 335 பக்கம். கால் எடுக்கும்போது கோடு உயர்கிறது, மிதித்தால் தேய்கிறது. டெசிபெல் சார், கணக்கு இவ்வளவு சரியாக வந்ததும் சத்தத்தை மறந்துவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டோம்.

ஆயில்: நிறம் சரி. அளவு மேல் ஓட்டை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே. காந்தத்தில் சாம்பல் பூச்சு, அதில் நகக்கண்ணில் மாட்டுகிற அளவு மெல்லிய செதில் சில.

அண்ணா கேட்ட பில்: டாஷ்போர்டுப் பெட்டியில் பழைய இன்சூரன்ஸ் காகிதத்துக்குள் மடித்துக் கிடந்தது. முந்தைய ஓனர் விற்பதற்குச் சற்று முன் "பினியன் ஆயில் சீல், லேபர்" என்று போட்டிருக்கிறது. சீல் மட்டும்தான். வேறு எதுவும் இல்லை.

அல்சூர்_ஆக்ஸில்:

அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள் தம்பி, அதில்தான் விடை இருக்கிறது.

பினியன் ஷாஃப்ட் இரண்டு டேப்பர் பேரிங்கில் (உருளைகள் சாய்வாக இருக்கிற பேரிங்) நிற்கிறது. உள்ளே தலைப்பக்கம் பெரியது, வெளியே மூக்குப் பக்கம் சின்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இரும்புக் குழாய், நசுங்குகிற ஸ்பேசர். முன்னால் இருக்கிற பெரிய நட்டை இறுக்க இறுக்க அந்தக் குழாய் கொஞ்சமாக நசுங்கி, இரண்டு பேரிங்கும் சரியான அழுத்தத்தில் உட்காரும். கம்பெனியில் அளந்து செய்த வேலை அது. சீலை மாற்ற வேண்டுமென்றால் அந்த நட்டைக் கழற்றியாக வேண்டும். திரும்பப் போடும்போது அளவு பார்க்காமல் ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று அடித்தால் குழாய் கூடுதலாக நசுங்கி பேரிங் காய்ந்து சாகும். பயந்து குறைவாக இறுக்கினால் அழுத்தம் போய், ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும். காலை எடுக்கும்போது பினியன் கிரவுனை நோக்கி உள்ளே இழுபடும். அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது மூக்குப் பக்கத்துச் சின்ன பேரிங். அது தளர்ந்தால் பல் வேறு இடத்தில் உரசும், விடும்போது மட்டும் ஊளையிடும். உங்கள் வண்டி சொல்வது அப்படியே இது.

உறுதி செய்துகொள்ள ஒன்றே ஒன்று. பின்பக்கம் ஸ்டாண்டில், முன்சக்கரத்துக்குக் கட்டை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் பின் நாலு போல்ட்டைக் கழற்றி ஒதுக்கிக் கட்டிவிட்டு, ஹவுசிங் மூக்கில் ஷாஃப்ட் மாட்டியிருந்த தட்டை, அதாவது பிளேஞ்சைப் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டுங்கள். சுற்றும்போது கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது பல்லுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. ஆனால் முன்னும் பின்னும் நூலளவு கூட நகரக்கூடாது. எஞ்சினை ஓட விட்டுக் கேட்கிற வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் தரையில் இருந்தால் தூக்கிய சக்கரம் மீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், தெரியாமல் பக்கத்தில் போனவர்கள் இருக்கிறார்கள்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பினியன் பேரிங் இரண்டு, புது ஸ்பேசர், புது நட், புது சீல். கிரவுனை வாங்காதீர்கள். பல்லின் மேல் மார்க்கிங் பெயின்ட் பூசிச் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். தடம் பல்லின் நடுவில் இருந்து, பல் முகத்தில் குழி, வெடிப்பு இல்லை என்றால் அந்த செட்டே ஓடும். மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால் கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுகிறேன் என்கிறவனிடம் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முக்கியமாக, பேரிங் அழுத்தத்தை எதில் அளப்பீர்கள் என்று கேளுங்கள். சின்ன அளவு காட்டுகிற டார்க் ரெஞ்ச் (சுற்றுகிற விசையை அளக்கிற ஸ்பானர்) எடுத்துக் காட்ட வேண்டும். "கையிலேயே தெரியும் சார்" என்றால் வேறு இடம். புது பேரிங்குக்கு ஒரு அளவு, பழைய பேரிங்குக்கு அதைவிடக் குறைவான அளவு, இரண்டும் வண்டியின் மானுவலில் இருக்கும்.

பேரிங்கை ஜே.சி. ரோட்டில் வாங்கினால் பெட்டியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பேரிங் மேலேயே பொறித்த எண்ணைப் பழையதோடு ஒத்துப் பாருங்கள். சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பொருள் சந்தை) முழு ஹவுசிங்கே மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது எந்த வண்டியிலிருந்து, எந்தப் பல் விகிதத்தில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. விகிதம் மாறினால் ஸ்பீடோமீட்டரிலிருந்து இழுவை வரை எல்லாம் குழம்பும்.

ராமமூர்த்திநகர்_வாசி:

வேலை முடிந்தது. பிளேஞ்சை ஆட்டியபோதே 'டிக்' என்று ஒரு சின்ன ஆட்டம் கைக்குத் தெரிந்தது. ராமமூர்த்தி நகர் பக்கத்திலேயே டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிற ஒருவரைக் கண்டுபிடித்தோம். நட்டைக் கழற்றும்போது கூப்பிட்டுக் காட்டினார்: பள்ளத்தில் மடக்கிப் பூட்டுகிற அதன் விளிம்பில் இரண்டு இடத்தில் உளியடி, ஒன்று துருவேறிப் பழையது, பக்கத்தில் பளபளவென்று புதியது. பழைய நட்டையே திரும்பப் போட்டு, முதல் அடையாளத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தியிருக்கிறார்கள். மூக்குப் பக்கத்து பேரிங்கின் உருளைகள் ஓடுகிற பாதையில் சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாகத் தடம், நகத்தால் கீறினால் மாட்டுகிறது. தலைப்பக்கத்துப் பெரிய பேரிங் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் இரண்டையும் மாற்றினோம்.

மஞ்சள் பெயின்ட் தடம் மிதிக்கிற முகத்தில் நடுவில் விழுந்தது. விடுகிற முகத்தில் ஒரு ஓரமாகச் சின்னப் பளபளப்பு, குழி எதுவும் இல்லை. கிரவுனை அப்படியே விட்டுவிட்டோம். பேரிங், ஸ்பேசர், நட், சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து முதல் கடை சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

எழுபதில் காலை எடுத்தால் இப்போதும் மெல்லிய முனகல் ஒன்று இருக்கிறது, ஆப்பில் கோடு தெரிகிறது, அம்மாவுக்குக் கேட்கவில்லை. தேய்ந்த முகம் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்றார் மெக்கானிக். டயர் 'சர்ர்' தனியாக இருக்கிறது, அலைன்மென்ட் செய்துவிட்டேன், டயர் அடுத்த போனஸில்.

அல்சூர்_ஆக்ஸில்:

அந்த முனகலுக்காக மறுபடி திறக்காதீர்கள், அது இனி கூடாமல் இருந்தால் போதும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஹவுசிங் ஆயிலை ஒரு தடவை இறக்கி மாற்றிவிடுங்கள், 80டபிள்யூ-90 ஜி.எல்.5 கியர் ஆயில் போதும், மானுவலில் வேறு போட்டிருந்தால் அதுவே. காந்தத்தில் செதில் இல்லாமல் வெறும் சாம்பல் பூச்சு மட்டும் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். செதில் வந்தால் வண்டியை நேரே எங்கள் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள்.